கேட்பவர் காதில் உருவாகும் சுருதி

'அப்படியா' என்ற ஒரே சொல்லை வியப்பாகவும் சந்தேகமாகவும் அசட்டையாகவும் சொல்லிப் பதிவுசெய்து, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய 'பிராட்' மென்பொருளில் திறந்தால், குரலின் ஏற்ற இறக்கம் திரையில் ஒரு கோடாக வந்து நிற்கும். வியப்பில் கோடு கடைசி அசையில் மேலேறும். அசட்டையில் தாழ்ந்தே கிடக்கும். ஆனால் எப்படிச் சொன்னாலும் ஓரிடம் மட்டும் மாறாது. 'ப்ப' வரும்போது கோடே இருக்காது. உதடுகள் மூடியிருக்கும் அந்த நேரத்தில் குரல்நாண்கள் அதிர்வதில்லை, ஆகவே அளப்பதற்கு ஒன்றுமில்லை. உதடு திறந்ததும் கோடு சற்று மேலே முளைத்து வழுக்கி இறங்கும். 'டி'யில் நாக்கு அண்ணத்தைத் தட்டும் கணத்தில் சிறிய பள்ளம் ஒன்று விழும். அறுந்தும் முளைத்தும் பள்ளம் விழுந்தும் திரையில் தெரிகிற இது, கேட்கும்போது அறுபடாத ஒரே இழையாக இருக்கிறது. அந்த இடைவெளியைக் காதால் கேட்டதாகச் சொல்பவர் எவரும் இல்லை.

திரையில் உள்ள கோட்டுக்கும் காதில் விழும் இழைக்கும் இடையே என்ன நடக்கிறது? இயற்பியலாளர்கள், உளவியலாளர்கள், மொழியியலாளர்கள், நரம்பியலாளர்கள் என்று பலரும் ஏறக்குறைய 180 ஆண்டுகளாக இதைத் தேடியிருக்கிறார்கள். அவர்களுடைய விடைகள் பல இடங்களில் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. அதிர்வெண் காற்றில் இருக்கிறது. சுருதியைக் கேட்பவர்தான் உண்டாக்குகிறார். கருவி தரும் எண்ணையே சுருதி என்று எடுத்துக்கொண்டு எழுதப்படும் ஆய்வுகள் முதல் அடியிலேயே வழி தவறுகின்றன.

தொலைபேசியிலிருந்து தொடங்கலாம். வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் பேசும்போது சராசரியாக விநாடிக்கு 120 தடவை அளவில் அதிரும். பெண்ணுக்கு 200ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் போகும். குழந்தைகளுக்கு 300ஐத் தொடும். இந்த அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு என மேற்சுரங்களும் சேர்ந்தே வெளிவரும். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. அப்படியென்றால் 120 ஹெர்ட்ஸ் குரலின் அடிப்படை அதிர்வெண் கம்பியிலேயே நின்றுவிடும், 240உம் நின்றுவிடும், 360, 480, 600 என்று மேலே உள்ளவைதான் மறுமுனைக்கு வந்து சேரும். ஆனாலும் அப்பாவின் குரல் அம்மாவின் குரலாக மாறிவிடவில்லை. வந்துசேராத 120ஐத்தான் காது கேட்கிறது.

இந்தப் புதிரை முதலில் எழுப்பியவர் ஜெர்மனியின் ஆகஸ்ட் ஸீபெக். துளையிட்ட வட்டைச் சுழற்றி அதன்மேல் காற்றை ஊதும் சைரன் ஒன்றை வைத்துக்கொண்டு 1841இல் அவர் சோதனைகள் செய்தார். அடிப்படை அதிர்வெண் மிக வலுவிழந்திருந்தபோதும் அதன் சுருதியே ஓங்கிக் கேட்டது. ஜார்ஜ் ஓம், மின்தடை விதிக்குப் பெயர் தந்த அதே ஓம், 1843இல் இதை மறுத்தார். காது ஒலியைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிக்கிறது, கேட்கும் ஒவ்வொரு சுருதிக்கும் அந்த அதிர்வெண் ஒலியில் இருந்தே தீரவேண்டும் என்பது அவர் கட்சி. ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட பெருநூலில் ஓமின் பக்கம் நின்றார். அவருடைய புகழின் முன் ஸீபெக்கின் சைரன் பல பத்தாண்டுகளுக்கு மறக்கப்பட்டுப் போயிற்று.

அதை மீட்டவர் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், பிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த ஸ்கௌடன். 1938ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அடிப்படை அதிர்வெண்ணை முழுவதுமாக அழித்த ஒலிகளை உருவாக்கிக் காட்டினார். சுருதி இருந்த இடத்திலேயே இருந்தது. காதுக்குள்ளேயே ஏதோ சிதைவு நேர்ந்து அந்த அதிர்வெண் திரும்ப உண்டாகிறதோ என்ற ஐயம் மிஞ்சியிருந்தது. அமெரிக்கரான லிக்லைடர் 1950களில் அதற்கும் விடை சொன்னார். அடிப்படை அதிர்வெண் இருக்கவேண்டிய இடத்தை இரைச்சலால் நிரப்பினார். அங்கே உண்மையிலேயே ஓர் ஒலி இருந்திருந்தால் அது இரைச்சலில் மூழ்கியிருக்கும். சுருதி மூழ்கவில்லை.

காதும் மூளையும் இதை எப்படிச் செய்கின்றன என்பதில் இன்னும் முழு உடன்பாடு இல்லை. உள்காதின் நத்தைக்கூட்டில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஓரிடம் உண்டு. நத்தைக்கூட்டுக்குள் இருக்கும் சவ்வில் அலை ஓடுவதைக் கண்டறிந்ததற்காகப் பெகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. எந்த இடம் அதிர்கிறது என்பதை வைத்து மூளை கணக்கிடுகிறது என்பது ஒரு தரப்பு. நரம்புத் துடிப்புகள் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகின்றன என்பதை வைத்து என்பது இன்னொரு தரப்பு. இரண்டும் கலந்தே நடக்கிறது என்று இன்று பலரும் ஏற்கிறார்கள். 2005இல் பெண்டாரும் வாங்கும் மார்மோசெட் குரங்கின் மூளையில், அடிப்படை அதிர்வெண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சுருதிக்கு ஒரே மாதிரி விழித்துக்கொள்ளும் நரம்பணுக்களைக் கண்டார்கள்.

இதுவரை சொன்னது நிலையாக ஒலிக்கும் ஒலிகளைப் பற்றி. பேச்சு ஓரிடத்தில் நிற்பதில்லை. பேச்சுக்கு வந்ததும் காதின் கணக்கே மாறிவிடுகிறது. இந்தத் துறையின் மிகச் செழிப்பான பகுதியும் இதுதான்.

டென்னிஸ் கிளாட் 1973இல் செயற்கை உயிரொலிகளை வைத்துச் சோதித்தார். 120 ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும் ஒலியில் 0.3 ஹெர்ட்ஸ் மாற்றத்தையும் காது பிடித்தது. அதே ஒலி இறங்கிக்கொண்டே போகும்படி செய்ததும் 2 ஹெர்ட்ஸ் அளவு மாறினால்தான் தெரிந்தது. இது ஆய்வகத்தின் அமைதியில், செயற்கை ஒலியில். உண்மையான பேச்சில் நிலைமை இன்னும் வேறு. ஐந்தோவனில் 1957இல் தொடங்கப்பட்ட புலனுணர்வு ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநர் மேலே சொன்ன ஸ்கௌடன்தான். அங்கே ஹார்ட், கோயன் இருவரும் 1960களில் தொடங்கிய வேலை ஒரு தலைமுறைக்கே பாதை போட்டது. அவர்கள் கேட்ட கேள்வி எளியது. பேச்சின் அதிர்வெண் கோட்டில் உள்ள ஆயிரம் நெளிவுகளில் காதுக்கு எவை வேண்டும், எவை வேண்டாம்?

அவர்கள் கோட்டை அப்படியே ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. அதை அழித்துவிட்டு, நேர்கோட்டுத் துண்டுகளால் மாற்றி வரைந்து, அந்தப் புதிய கோட்டின்படி பேச்சை மீண்டும் ஒலிக்கச் செய்தார்கள். கேட்பவரால் மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு சொல்ல முடியாத வரைக்கும், துண்டுகளைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் எஞ்சியவை வியக்கத்தக்க அளவுக்குச் சில. ஓர் ஏற்றம், சிறிது நேரச் சமநிலை, ஓர் இறக்கம் என்று தொப்பியைப் போல் தெரியும் வடிவம் டச்சுப் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது. மற்ற நெளிவுகளை எல்லாம் தூக்கி எறிந்தாலும் எதுவும் குறைந்ததாகக் கேட்பவருக்குத் தெரியவில்லை. ஹார்ட், கோலியர், கோயன் மூவரும் 1990இல் இந்த உழைப்பை நூலாக்கினார்கள். பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் படிக்க விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் நூல் அதுவே.

இங்கே ஒரு கணக்கைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஓர் அசைக்குள் குரல் நகர்ந்தால் அந்த நகர்வு நகர்வாகக் கேட்க, குறைந்தபட்ச வேகம் ஒன்று தேவை. ஹார்ட் 1976இல் தந்த வாய்பாட்டின்படி, 0.16ஐ அசையின் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த வேகம் விநாடிக்கு இத்தனை அரைச்சுரம் (ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குள்ள தூரம்) என்று கிடைக்கும். அசை 0.1 விநாடி நீண்டால் அதற்குள் குரல் 1.6 அரைச்சுரமாவது நகரவேண்டும். 0.2 விநாடி நீண்டால் 0.8 போதும். அதற்குக் குறைந்தால் காது அதை அசையாத ஒரே சுருதியாக எடுத்துக்கொள்ளும். அந்தச் சுருதியும் அசையின் தொடக்கத்தில் இருந்ததன்று. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடத்தில் இருந்தது என்று பிரான்சின் மாரியோ ராஸ்ஸி 1971இல் காட்டினார். ஸ்வீடனின் டேவிட் ஹவுஸ் இன்னொன்றைச் சேர்த்தார். மெய்யிலிருந்து உயிருக்குத் தாவும் கணத்தில் ஒலியின் தன்மை வேகமாக மாறுகிறது. அப்போது நிகழும் சுருதி நகர்வை மூளை சரிவரக் கவனிப்பதில்லை. 'அப்படியா'வில் 'ப்ப'வுக்குப் பின் கோடு வழுக்கி இறங்குவது நமக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு ஏற்றங்களில் எது பெரியது என்ற கேள்வியில் அறிஞர்கள் பிரிந்தார்கள். மூன்று அரைச்சுரத்துக்குக் குறைந்த வேறுபாடு பேச்சுத் தொடர்பில் பயன்படுவதில்லை என்றார் ஹார்ட், 1981இல். ஆண்குரலில் அது 20 ஹெர்ட்ஸுக்கும் மேல். ரீட்வெல்டும் குஸ்ஸன்ஹோவனும் 1985இல் அதை மறுத்தார்கள்: எந்தச் சொல் தூக்கலாக ஒலிக்கிறது என்று கேட்டால் 1.5 அரைச்சுரமே போதும். எனக்கு இது முரண்பாடாகப் படவில்லை. சுருதியின் அளவைக் கேட்டால் காது மந்தமாக இருக்கிறது, சொல்லவந்தது எது என்று கேட்டால் கூர்மையாகிவிடுகிறது. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் காதின் திறன் மாறுகிறது என்பதே இதிலுள்ள செய்தி.

ஒவ்வொருவர் குரலும் வேறு உயரத்தில் இருப்பதால், காது தனி எண்களை நம்பியிருக்க முடியாது. ஒரு பெண்ணின் தாழ்ந்த குரல் ஓர் ஆணின் உச்சக் குரலாக இருக்கலாம். ஆகவே பேசுபவரின் எல்லைக்குள் எது உயர்வு, எது தாழ்வு என்றுதான் காது பார்க்கிறது. ஆண்குரலிலும் பெண்குரலிலும் ஒரே ஏற்ற இறக்கம் எந்த அளவுகோலில் ஒத்துவருகிறது என்று கேம்பிரிட்ஜின் ஃபிரான்சிஸ் நோலன் 2003இல் சோதித்தபோது, ஹெர்ட்ஸ் கணக்கு தோற்றது. அரைச்சுரக் கணக்கு நன்றாகப் பொருந்தியது. மூளையிலும் இதற்குச் சான்று உண்டு. வலிப்பு நோய் அறுவைச் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனை வைக்கப்பட்டவர்களைக் கொண்டு டாங், ஹாமில்டன், சாங் மூவரும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான்கு வாக்கியங்கள், நான்கு விதமான ஏற்ற இறக்கம், மூன்று குரல்கள். சில இடங்கள் வாக்கியத்தின் எழுத்தொலிகளுக்கு மட்டும் விழித்தன. சில, பேசுவது யார் என்பதற்கு. இன்னும் சில, யார் எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் ஏற்ற இறக்கத்தின் வடிவத்துக்கு மட்டும் விழித்தன. அவை பின்தொடர்ந்தது பேசுபவரின் எல்லைக்குள் அமையும் ஒப்புநோக்குச் சுருதியை.

காது இன்னொரு திருத்தத்தையும் சத்தமில்லாமல் செய்கிறது. மூச்சு குறையக் குறைய வாக்கியத்தின் போக்கில் குரல் மெல்ல இறங்கும். ஜேனட் பியர்ஹம்பர்ட் 1979இல் காட்டியது இது: ஒரே வாக்கியத்தில் முன்னும் பின்னும் வரும் இரண்டு உச்சிகள் சமமாகக் கேட்டால், பின்னது உண்மையில் தாழ்ந்திருக்கிறது. இரண்டும் அளவில் சமமாக இருந்தால் பின்னதே உயர்வாகக் கேட்கும். எதிர்பார்க்கும் இறக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் மனம் கேட்கிறது.

எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபிலிப் லீபர்மேன் 1965இல் தந்த சான்று மொழியியலாளர்களையே சங்கடப்படுத்தியது. காது பழகிய மொழியியலாளர்களிடம் வாக்கியங்களைக் கொடுத்து ஏற்ற இறக்கத்தைக் குறிக்கச் சொன்னார். பிறகு அதே கோட்டைச் சொற்கள் இல்லாமல், ஒரே உயிரொலியில் ஏற்றிக் கொடுத்தார். குறிப்புகள் ஒத்துப்போகவில்லை. இலக்கணம் எங்கே ஏற்றத்தை எதிர்பார்க்கச் சொன்னதோ, அங்கே அவர்கள் ஏற்றத்தைக் கேட்டிருந்தார்கள். டயானா டாய்ச் 1995இல் எதிர்பாராமல் கண்ட விளைவும் இதே வகை. தம் பேச்சின் ஒரு துண்டை அவர் திரும்பத் திரும்ப ஓடவிட்டபோது, சிறிது நேரத்தில் அது பாட்டாகக் கேட்கத் தொடங்கியது. ஒலியலையில் ஓர் இம்மிகூட மாறவில்லை.

பொருள் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு வருவோம். ஹாடிங்-காக், ஸ்டட்டர்ட்-கென்னடி இருவரும் 1964இல் ஸ்வீடன், அமெரிக்கக் கேட்பவர்களிடம் செய்த சோதனையில், கேள்வியா கூற்றா என்பதைக் கடைசி ஏற்றம் தனியாகத் தீர்மானிக்கவில்லை. அதற்கு முன் வந்த உச்சி எவ்வளவு உயரம் என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது. காது முழு வடிவத்தையும் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்கிறது. ஜெர்மனியின் கிளாஸ் கோலர் 1987இல், 'அவள் பொய்தான் சொல்லியிருக்கிறாள்' என்ற பொருள்படும் ஒரு வாக்கியத்தில் உச்சியைச் சிறு சிறு படிகளாகப் பின்னால் தள்ளிப் பார்த்தார். முன்னால் இருந்தபோது முடிந்த விஷயமாகக் கேட்டது. நடுவுக்கு வந்ததும் புதுச் செய்தியாயிற்று. இன்னும் பின்னால் போனதும் வியப்பும் எதிர்ப்பும் ஏறின. முதல் மாற்றம் ஒரு கோட்டைத் தாண்டியதுபோல் சட்டென்று நிகழ்ந்தது என்றார் அவர். ஆனால் ஆங்கிலத்தில் சாதாரண அழுத்தத்துக்கும் மிகையழுத்தத்துக்கும் இடையே அத்தகைய எல்லைக்கோடு இருக்கிறதா என்று லாடும் மார்ட்டனும் 1997இல் தேடியபோது உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. ஏற்ற இறக்கத்தின் சில பகுதிகள் இலக்கணம்போல் துண்டுதுண்டாகவும், சில பகுதிகள் உணர்ச்சியைப்போல் படிப்படியாகவும் இயங்குகின்றன என்ற நடுவழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

எல்லா மனிதருக்கும் பொதுவான பகுதி உண்டா? ஜான் ஓஹாலா 1980களில் உண்டு என்று வாதிட்டார். சிறிய உயிர்களின் குரல் உயர்ந்தது, பெரிய உயிர்களின் குரல் தாழ்ந்தது. ஆகவே உயர்ந்த குரல் பணிவையும் கேள்வியையும், தாழ்ந்த குரல் உறுதியையும் மேலாண்மையையும் குறிக்கிறது. குஸ்ஸன்ஹோவனும் சென்னும் 2000இல் டச்சு, ஹங்கேரி, சீன மொழியினருக்கு, எங்கும் இல்லாத கற்பனை மொழி ஒன்றின் வாக்கியங்களைக் கேட்கக் கொடுத்தார்கள். உச்சி உயர்ந்ததும், உச்சி தாமதமாக வந்ததும், முடிவு ஏறியதும் கேள்வி என்றே மூன்று மொழியினரும் சாய்ந்தனர். கேள்வி உயரும் என்பது இயற்கை விதி என்று முடிவுகட்டும் வேளையில், ஆனி ரியாலான் 2007இல் ஆப்பிரிக்க மொழிகளின் சான்றுகளோடு வந்தார். அங்கே பல மொழிகளில் கேள்வியின் முடிவு இறங்கி, இழுபட்டு, மூச்சோடு கரைகிறது. இயற்கையின் சாய்வை மொழி மீற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மொழி காதை எவ்வளவு ஆழத்தில் மாற்றுகிறது என்பது சீன மொழிகளில் தெளிவாகத் தெரியும். மாண்டரினில் 'மா' என்ற ஒரே அசை நான்கு சுருதி வடிவங்களில் தாய், சணல், குதிரை, திட்டுதல் என்று நான்கு சொற்களாகும். மாண்டரின் பேசுபவர்களின் மூளைத்தண்டே, பெருமூளைக்கு ஒலி போய்ச் சேரும் முன்னரே, அந்தச் சுருதி வடிவங்களை ஆங்கிலம் பேசுபவர்களைவிடத் துல்லியமாகப் பின்தொடர்கிறது என்று பர்டியூ பல்கலைக்கழகத்தின் அனந்தநாராயண் கிருஷ்ணனும் ஜாக்சன் காண்டூரும் உடனாய்வாளர்களும் 2005இல் அளந்து காட்டினார்கள். கான்டனீஸில் சமநிலைச் சுருதிகளே மூன்று. முன்வரும் வாக்கியத்தின் குரலை உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்தால், பின்வரும் ஒரே அசை வேறு சொல்லாகக் கேட்கும் என்பது வோங், டீல் இருவரும் 2003இல் கண்டது. இந்தப் பழக்கம் கருவறையிலேயே தொடங்குகிறது. வயிற்றின் சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்கள், அதாவது பேச்சின் மெட்டு. பிறந்து சில நாள்களே ஆன 60 குழந்தைகளின் அழுகையை மாம்ப், வெர்ம்கே குழுவினர் 2009இல் ஒப்பிட்டபோது, பிரெஞ்சுக் குழந்தைகள் ஏறுமுகமாகவும் ஜெர்மன் குழந்தைகள் இறங்குமுகமாகவும் அழுதன.

தமிழுக்கு வந்தால் வேறொரு காட்சி. 'வந்தான்' என்பதைக் கேள்வியாக்க நமக்கு 'ஆ' இருக்கிறது. அழுத்திச் சொல்ல 'தான்' இருக்கிறது, 'ஏ' இருக்கிறது. பல மொழிகளில் சுருதி சுமக்கும் வேலையை இங்கே எழுத்தொலிகள் எடுத்துக்கொண்டன. அதனால் தமிழில் சுருதிக்கு வேலையில்லை என்று நினைத்தால் தவறு. எல்லைகளை வரைவதும் மனநிலையைச் சொல்வதும் அதன் வேலையாயின என்பது என் கணிப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் தமிழின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்த எலினார் கீன், தமிழில் ஆங்கிலம் போன்ற வலுவான சொல்லழுத்தத்துக்குச் சான்று குறைவு என்றும், ஒவ்வொரு சிறு தொடரும் தாழ்வில் தொடங்கி உயர்வில் முடிகிறது என்றும் விவரித்தார். அந்த உயர்வு முடியும் இடமே தொடரின் எல்லை.

இதை வைத்துக்கொண்டு தொல்காப்பியத்தின் புணரியலைப் படிக்கும்போது எனக்கு உள்ளம் சிலிர்க்கிறது. எழுத்துகள் ஒன்றாகவே இருக்க, பொருள் வேறாகும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடும் என்கிறது அந்த நூற்பா. உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு 'செம்பொன்பதின்தொடி'. செம்பு ஒன்பது தொடி என்றும் பிரிக்கலாம், செம்பொன் பத்துத் தொடி என்றும் பிரிக்கலாம். உலோகமும் வேறு, எடையும் வேறு. வாயால் சொல்லும்போது முதல் ஏற்றம் எங்கே முடிகிறதோ அங்கே சொல் பிரிகிறது. ஒலிகள் ஒன்றாயிருந்தும் கேட்பவர் இரண்டாகக் கேட்கிறார் என்ற உண்மையை இலக்கணத்தில் ஏற்றியவர்கள் நம்மவர்கள். நன்னூலும் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலிப்பு முறைகளைப் பேசுகிறது. அத்தகைய மரபுள்ள மொழியில், நெல்லைப் பேச்சையும் யாழ்ப்பாணப் பேச்சையும் இரண்டு வாக்கியத்தில் நாம் எந்த மெட்டால் அடையாளம் காண்கிறோம் என்பதைக் கேட்பவரை வைத்துச் சோதிக்கும் ஆய்வுகள் இன்னும் நிறைய வரவேண்டும்.

சுருதி சரியாகக் கிடைக்காதவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியாக நிற்பதில்லை. நலமான காதில் ஒலியை நரம்புக்குத் தரும் உட்புற முடியணுக்கள் ஏறத்தாழ 3,500. காது கேளாதவர்களுக்கு உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியில் அந்த வேலைக்கு இருப்பவை 12 முதல் 22 மின்முனைகள். சொற்களைக் கேட்க அது போதும். அதனால்தான் அந்தக் கருவி இத்தனை குழந்தைகளைப் பேச வைத்திருக்கிறது. சுருதிக்குப் போதாது. மோனிடா சட்டர்ஜியும் பெங்கும் 2008இலும் அதையொட்டியும் வெளியிட்ட ஆய்வுகள், கருவி பொருத்திக்கொண்டவர்கள் கேள்வியையும் கூற்றையும் பிரிப்பதில் தடுமாறுகிறார்கள் என்றும், சுருதி எட்டாதபோது ஒலியின் உரப்பையும் நீளத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் காட்டின. மாண்டரின் பேசும் குழந்தைகளுக்கோ சொல்லே தவறிவிடுகிறது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சிறு குழந்தைகளுக்கு இந்தக் கருவி பொருத்தப்படுகிறது. அவர்களிடம் 'வந்தான்', 'வந்தானா' என்ற இணையைச் சொல்லிக் கேள்வி எது என்று கேட்டால், குழந்தை கடைசி 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு சரியாகச் சொல்லிவிடும். சுருதி கேட்கிறதா என்பது தெரியவராது. 'நாளைக்கு வர்றீங்க' என்பதை ஒருமுறை செய்தியாகவும் ஒருமுறை கேள்வியாகவும், 'அப்படியா' என்பதை ஒருமுறை மகிழ்ச்சியாகவும் ஒருமுறை கோபமாகவும், உரப்பையும் நீளத்தையும் சமப்படுத்திப் பதிவுசெய்து கேட்கவைத்தால்தான் தெரியும். அத்தகைய இணைகளைத் தமிழில் எழுதிப் பதிவுசெய்ய ஓர் ஒலிப்பதிவுக் கூடமும், நல்ல காதுள்ள சில தமிழ் பேசுபவர்களும் போதும்.